துப்பாக்கிக் குழலுக்கு எண்ணெயா, மெழுகுக் கொழுப்பா?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து கல் உரசும் பொறியால் வெடிக்கும் பழைய பாணிப் பொறிக்கல் துப்பாக்கிக்காரர்களுக்கென்றே ஒரு மான் வேட்டைப் பருவம் உண்டு. பனியும் ஈரமும் கலந்த நாட்கள். வாய்வழியாகக் கருமருந்து என்னும் வெடிமருந்தைக் கெட்டிக்கும் அந்தக் குழலுக்கு உள்ளே எதைப் பூசுவது? பெட்ரோலியத் துப்பாக்கி எண்ணெய் என்பது ஒரு கட்சி; தேன்மெழுகும் மாட்டுக்கொழுப்பும் உருக்கிக் கலந்த பசை என்பது மறு கட்சி.

எதைப் பூசினாலும் முதலில் கசடு போக வேண்டும். கருமருந்து எரிந்தபின் மிஞ்சும் பொட்டாசியம் உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சுட்ட அன்றே சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவி, துணி உலர்ந்து வரும்வரை துடைக்காவிட்டால் பூச்சு வெறும் வேஷம்தான்.

துருவைத் தடுப்பதில் எண்ணெய்தான் கெட்டி, மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் வேட்டைக் காலையில் அதுவே எதிரி. இரவெல்லாம் வழிந்து அடிப்பக்கம் தேங்கி, குழலுக்குள் தீ போகும் தீத்துளையை அடைத்து, மருந்தையும் நனைத்துவிடும். குழலுக்கு வெளியே பொறி விழும் கிண்ணியிலுள்ள மருந்து குப்பென்று எரியும், குண்டு கிளம்பாது, மான் போய்விடும். கெட்டிக்கும் முன் உலர்துணியால் ஒட்டத் துடைத்தே ஆக வேண்டும். கசடோடு சேர்ந்தால் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும் குணமும் இதற்கு உண்டு.

கொழுப்புப் பசை அப்படி வழியாது. குண்டைச் சுற்றும் துணியிலேயே தடவலாம், கசடும் இளகியே இருக்கும். உப்புச் சேராத கொழுப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடுங்குளிரில் இறுகும்; நீண்ட நாள் காவலுக்கு நம்ப முடியாது.

என் ஓட்டு: பருவம் நடக்கும்போது கொழுப்பு, முடிந்து மாட்டி வைக்கும்போது எண்ணெய். அப்புறம், குளிர்ந்த துப்பாக்கியைக் கணப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும். அப்போது மறுபடி துடைத்துத்தான் ஆக வேண்டும்.