எச்சில் குழாய் நான்கு, ரத்தக் குறியீடு 28, தாள் ஒன்று: பி.டி.எஸ்.டி.க்கு எதை நம்பலாம்?

வீட்டிலேயே எச்சில் எடுத்து லேபுக்கு அனுப்பும் கார்டிசால் (மன அழுத்த ஹார்மோன்) பெட்டிகள் ‘ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’ என்ற பெயரில் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. சில விற்பனையாளர்கள் ஒரு படி மேலே போய், பழைய மன அதிர்ச்சியின் தடயத்தையும் இதில் பார்க்கலாம் என்கிறார்கள். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கார்டிசாலை அளக்க இந்தப் பெட்டி மோசமில்லை. பி.டி.எஸ்.டி.யை (PTSD, பெரும் அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனநலக் கோளாறை) கண்டுபிடிக்க இது உதவாது. ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண், அதுவும் குழாய்க்குத்தான், கூட வரும் அறிக்கைக்கு அல்ல.

விற்பவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை, அதுதான் சிக்கல். மன அதிர்ச்சியை ஆராயும் ரேச்சல் யெஹுடாவும் சக ஆய்வாளர்களும் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களின் 24 மணி நேரச் சிறுநீரைச் சோதித்தபோது, பி.டி.எஸ்.டி. உள்ளவர்களுக்குக் கார்டிசால் குறைவாக இருந்தது. மன அழுத்தம் என்றால் கார்டிசால் ஏறும் என்றே எல்லோரும் நினைத்திருந்த காலம் அது. பிறகு இரவு 11 மணிக்கு, கார்டிசால் சுரப்பை அடக்கும் மருந்தான டெக்சாமெத்தசோனை அரை மில்லிகிராம் கொடுத்து மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இவர்களுக்குக் கார்டிசால் மற்றவர்களைவிட அதிகமாக அடங்கியது. கடும் மனச்சோர்வில் பலருக்கு 1 மில்லிகிராம் கொடுத்தாலும் அது சரியாக அடங்காது. ஒன்றில் பிரேக் பிடிக்கவில்லை, இன்னொன்றில் பிரேக் தேவைக்கு மேல் பிடிக்கிறது. அழகான கண்டுபிடிப்பு. ஆனால் அது குழுவின் சராசரி. பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2007இல் வெளியான அலசலில், பி.டி.எஸ்.டி. உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்ற இரு தரப்புக்கும் இடையே அடிப்படைக் கார்டிசாலில் ஒட்டுமொத்த வித்தியாசம் தென்படவில்லை. பெண்கள், உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், மதியத்துக்குப் பின் எடுத்த மாதிரிகள் என்று பிரித்தபோதுதான் குறைவு தெரிந்தது. ஒரு தனி மனிதரின் குழாயை வைத்துக்கொண்டு அவர் எந்தப் பக்கம் என்று சொல்ல இது போதாது.

இனி பெட்டி. வழக்கமாக நான்கு குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பஞ்சு உருளை, லேபிள், நேரம் எழுதும் சீட்டு, திருப்பி அனுப்பும் உறை. உருளையைக் கையால் தொடாமல் குழாயிலிருந்து நேராக வாயில் கவிழ்த்து, ஒன்றிரண்டு நிமிடம் மெதுவாக மென்று, ஊறியதும் திரும்பக் குழாயிலேயே துப்பவேண்டும். கையில் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு தடவியிருந்து அந்தக் கையால் தொட்டால் அளவு எங்கேயோ போய்விடும், ஏனென்றால் ஹைட்ரோகார்ட்டிசோன் என்பதே கார்டிசால்தான்.

தவறு பெரும்பாலும் நடப்பது முதல் குழாயில். காலையில் கண் விழித்ததும் கார்டிசால் ஏற ஆரம்பித்து, 30 முதல் 45 நிமிடத்தில் உச்சிக்குப் போகும். ஆரோக்கியமானவர்களுக்கு விழித்த நொடி அளவைவிடப் பாதிக்கு மேல் கூடுவது சகஜம். இந்த ‘விழிப்பு எழுச்சி’ மட்டுப்பட்டிருந்தால் அதை அதிர்ச்சியின் அடையாளமாகச் சில அறிக்கைகள் காட்டுகின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விழித்தவுடன் லிட்டருக்கு 10 நானோமோல், அரை மணியில் 16. எழுச்சி 6, எல்லாம் நலம். அதே ஆள் அலாரத்தை அணைத்துவிட்டு கால் மணி நேரம் புரண்டு, போனையும் பார்த்துவிட்டு முதல் குழாயை எடுக்கிறார். அதற்குள் அளவு 13. அதிலிருந்து அரை மணி கழித்து இரண்டாவது குழாயை எடுக்கும்போது உச்சி தாண்டி 14க்கு இறங்கியிருக்கிறது. எழுச்சி வெறும் 1. உடம்பு அதே உடம்புதான், பதினைந்து நிமிடச் சோம்பல் மட்டும் அறிக்கையில் ‘மட்டுப்பட்ட எழுச்சி’ என்று அச்சாகி வருகிறது. பி.டி.எஸ்.டி. உள்ளவர்களில் பலர் இரவில் பல முறை விழிப்பவர்கள், எது ‘விழித்த நேரம்’ என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாது. அதனால்தான் 2016இல் நிபுணர்கள் வகுத்த நெறிமுறை 0, 30, 45 நிமிடம் என்று மூன்று மாதிரி கேட்கிறது. ஒரே நாளோடு நிறுத்தாமல் பல நாள் எடுக்கச் சொல்கிறது. விழித்த நேரத்தை ஆளின் வாய்ச்சொல்லை நம்பாமல் கருவியால் சரிபார்க்கச் சொல்கிறது. நான்கு குழாய்ப் பெட்டியில் காலைக்கு ஒன்றோ இரண்டோதான், நாளும் ஒன்றே ஒன்று.

மற்ற கோளாறுகளையும் சொல்லியாகவேண்டும். எல்லாக் காலைக் குழாய்களும் முடியும்வரை தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது, பல் துலக்கவும் கூடாது. ஈறில் ரத்தம் கசிந்தால் ரத்தத்தில் உள்ள கார்டிசால் எச்சிலில் கலந்து அளவைத் தூக்கிவிடும். தொண்டைக்கு இதமாக அதிமதுரம் அடக்கிக்கொள்ளும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எச்சில் சுரப்பியில் கார்டிசாலைக் கார்டிசோன் என்ற செயலற்ற வடிவமாக மாற்றும் நொதியை அது தடுக்கும், அளவு பொய்யாக ஏறும். ஆஸ்துமா இன்ஹேலர், ப்ரெட்னிசோலோன் மாத்திரை, கருத்தடை மாத்திரை, இரவுப் பணி, இவற்றில் எது இருந்தாலும் சீட்டில் எழுதுங்கள். சீட்டில் அதற்கு இடமே இல்லையென்றால் அந்தப் பெட்டியை விட்டுவிடலாம். எடுத்த குழாய்களை ஃப்ரிட்ஜில் வைத்து ஒன்றாக அனுப்பவும். கார்டிசால் ஓரளவு தாக்குப்பிடிக்கும் பொருள்தான். ஆனால் சென்னை மே மாத வெயிலில் கூரியர் பை பல நாள் கிடந்தால் எச்சிலில் கிருமி பெருகும், அளவு சரியும். லேபிடம் கேட்கவேண்டிய ஒரே கேள்வி: மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியா (மூலக்கூறை எடையால் பிரிப்பது), இம்யூனோஅஸேயா (எதிர்ப்பொருளால் பிடிப்பது)? இம்யூனோஅஸே கார்டிசோனையும் சேர்த்து எண்ணிக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும்.

அறிக்கையில் ‘அட்ரினல் சோர்வு’ (கார்டிசால் சுரக்கும் அட்ரினல் சுரப்பி களைத்துவிட்டது) என்ற வார்த்தை வந்தால் அங்கேயே மூடி வைத்துவிடலாம். நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் அப்படி ஒரு நோயை ஏற்பதில்லை.

கடையில் கிடைக்காத, ஆனால் எல்லோரும் எதிர்பார்க்கும் சரக்கு ஒன்று உண்டு, நியூயார்க் பல்கலைக்கழக மனநல மருத்துவர் சார்ல்ஸ் மார்மர் குழுவின் ரத்தப் பரிசோதனை. 2019இல் வெளியான இந்த வேலை அந்த எச்சில் பெட்டியோடு ஒப்பிடவே கூடாத தரம். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் போய் வந்த ஆண் வீரர்களில் பி.டி.எஸ்.டி. உள்ள 83 பேர், அதே போரைப் பார்த்தும் பி.டி.எஸ்.டி. இல்லாத 82 பேர். டிஎன்ஏ மெத்திலேற்றம் (டிஎன்ஏ மேல் ஒட்டும் வேதிக் குறி), மைக்ரோ ஆர்என்ஏ (மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் சிறு துணுக்கு), புரதம், வளர்சிதைப் பொருட்கள், ஹார்மோன், சாதாரண லேப் சோதனை என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அளவீடுகளிலிருந்து சலித்து 343க்கு வந்து, அதிலிருந்து 28ஐ நிறுத்தினார்கள். பிறகு புதிதாக 26 பேர், எதிர்த் தரப்பில் 26 பேர் என்று எடுத்துச் சோதித்தார்கள். நோய் உள்ளவர்களில் 85 சதவீதம் பேரைச் சரியாகப் பிடித்தது, இல்லாதவர்களில் 77 சதவீதம் பேரைச் சரியாக விட்டது. கண்டுபிடித்த ஆட்களிடமே சோதித்துத் தட்டிக்கொடுத்துக்கொள்ளாமல் வெளி ஆட்களிடம் சோதித்ததற்கே ஒரு மதிப்பெண் கூடுதலாகத் தரலாம்.

ஆனால் 85 சதவீதம் என்றால் 26 பேரில் 22 பேர். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் உண்மையான அளவு 66க்கும் 94க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். சரி, 85 என்றே வைத்துக்கொள்வோம். ஆய்வில் பாதிப் பேர் நோயுள்ளவர்கள். உங்கள் ஊர் மருத்துவமனைக்கு வரும் ஆயிரம் பேரில் நூறு பேருக்கு பி.டி.எஸ்.டி. என்று வையுங்கள். சோதனை அதில் 85 பேரைப் பிடிக்கும். மீதி 900 பேரில் 23 சதவீதம், அதாவது 207 பேருக்கும் ‘உண்டு’ என்று சொல்லும். ஆக ‘உண்டு’ என்று சீட்டு வாங்கிய 292 பேரில் உண்மையாக இருப்பது 85 பேருக்கு, பத்தில் மூன்று பேர்கூட இல்லை.

இன்னொன்று, அறிகுறி மதிப்பெண் தெளிவாக அதிகம் உள்ளவர்களையும் தெளிவாகக் குறைவாக உள்ளவர்களையும் எதிரெதிரே நிறுத்தித்தான் இந்தக் குறியீடுகள் தேடப்பட்டன. மருத்துவர் தடுமாறுவது நடுவில் நிற்பவரிடம். பெண்கள் யாரும் இல்லை. போரும் சுனாமியும் கண்ட முல்லைத்தீவுப் பெண்ணுக்கு இந்த 28 என்ன சொல்லும் என்று இந்த ஆய்வை வைத்துப் பேசவே முடியாது.

லேபில் என்ன தவறும் என்பதும் கண்முன் தெரிகிறது. 28இல் இதயத் துடிப்பும் ஒன்று. மாடி ஏறி வந்தவரை உடனே உட்காரவைத்து எண்ணினால் அது ஒன்றே தராசைச் சாய்க்கும். தட்டணுக்களின் சராசரிப் பருமனும் பட்டியலில் உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாயில் ரத்தம் காத்திருக்கக் காத்திருக்கத் தட்டணு உப்பும், காலை எட்டு மணிக்கு எடுத்ததை மதியம் எந்திரத்தில் ஏற்றினால் எண் மாறிவிடும். ஊசி குத்தும்போது சிவப்பணு உடைந்தால் அதிலிருக்கும் மைக்ரோ ஆர்என்ஏ வெளியே கொட்டி அந்த வரிசையே கெடும். ஆராய்ச்சிக் கூடத்தில் இதையெல்லாம் கட்டுப்படுத்தலாம், தெருமுனை ரத்தச் சேகரிப்பு மையத்தில் கஷ்டம். பி.டி.எஸ்.டி.யைக் கண்டறிய அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் பெற்ற ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாததில் வியப்பில்லை. ஆராய்ச்சியாக ஐந்துக்கு நான்கு, வாங்கும் பொருளாக இப்போதைக்கு மதிப்பெண் போட ஒன்றுமில்லை.

அதே ஆண்டு அதே குழு, எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனல் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து குரலையும் பார்த்தது. 129 ஆண் வீரர்கள், 40,526 குரல் கூறுகள், தேறியது 18. துல்லியம் 89 சதவீதம். பேச்சு மெதுவாக, ஏற்ற இறக்கம் குறைந்து தட்டையாக இருந்தது. ஒலிப்பதிவு எடுத்ததே நோயைக் கண்டறியும் நேர்காணலின்போதுதான் என்பதை மறக்கக்கூடாது. கெட்ட கனவைப் பற்றிக் கேட்டால் யார் குரல்தான் தட்டையாகாது? ஆங்கிலப் பேச்சில் பழகிய அந்த 18 தமிழில் செல்லுமா என்பது வேறு கதை.

இத்தனைக்கும் அளவுகோல் எது? நோயைக் கண்டறிய நடத்தும் கேப்ஸ் (CAPS) என்ற நேர்காணல். ரத்தமும் குரலும் அந்த நேர்காணலோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்றுதான் அளக்கப்பட்டன. இன்றைய வடிவமான கேப்ஸ்-5இல் 30 கேள்விகள், பயிற்சி பெற்றவர் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் முடிப்பார். அதன் ஏழை உறவினர் பிசிஎல்-5 (PCL-5), நாமே நிரப்பும் வினாத்தாள். ஒரு தாள், 20 கேள்வி, ஐந்து பத்து நிமிடம், அமெரிக்க அரசின் தேசிய பி.டி.எஸ்.டி. மையம் இலவசமாகத் தருகிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 80. 31 முதல் 33க்கு மேல் போனால் மருத்துவர் விரிவாகப் பார்க்கவேண்டும். மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். 2 அல்லது அதற்கு மேல் போட்ட கேள்விகளை எண்ணுங்கள். முதல் ஐந்தில் ஒன்று, 6, 7இல் ஒன்று, 8 முதல் 14இல் இரண்டு, 15 முதல் 20இல் இரண்டு இருந்தால் நோயின் வடிவம் பொருந்துகிறது.

இதிலும் கோளாறு வரும். எந்தச் சம்பவம் என்று ஒன்றை மனதில் நிறுத்தாமல், விபத்து, வேலை போனது, வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் கலந்து நிரப்பினால் மதிப்பெண் வீங்கும். உயிருக்கு ஆபத்து, கடும் காயம், பாலியல் வன்முறை இவற்றில் ஒன்று இருக்கவேண்டும், தேர்வில் தோற்றது கணக்கில் வராது. கேள்விகள் கடந்த ஒரு மாதத்தைப் பற்றியவை. சம்பவம் நடந்து ஒரு மாதம் ஆகாதவருக்கு இந்தப் பெயரே பொருந்தாது. வீட்டார் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தால் பாதிப் பதில் பொய். இருந்தாலும் நான்கரை கொடுக்கலாம். மதிப்பெண் கூடி வந்தால் அடுத்து போகவேண்டியது மனநல மருத்துவரிடம். தமிழ்நாட்டில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ எந்நேரமும் அழைத்துத் தமிழில் பேசலாம், இலங்கையில் 1926.

எச்சில் பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தூக்கிப்போட வேண்டாம். இரவு 11 மணிக் குழாய்க்கு நியாயமான பயன் ஒன்று உண்டு. அந்நேரத்தில் கார்டிசால் அடிமட்டத்தில் கிடக்கவேண்டும். இரண்டு இரவு எடுத்தும் இறங்காமல் நின்றால், முகம் வீங்கி வயிற்றில் ஊதா வரி விழுந்திருந்தால், உடலில் கார்டிசால் மிகையால் வரும் குஷிங் நோய்க்கூறா (Cushing’s syndrome) என்று நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த அறிக்கையை அவர் மதித்துப் படிப்பார், அதிமதுரம் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு.