தேசிக் கன்று தேறவில்லை: வெட்டுவதா, விடுவதா, பிடுங்குவதா?

நட்டு இரண்டு வருடமாகியும் தேசிக் கன்று (எலுமிச்சை) இடுப்பளவிலேயே நிற்கிறது, இலை மஞ்சளடிக்கிறது, நுனிக்கொப்பு காய்கிறது என்றால் மட்டக்களப்பில் யோசனைக்குப் பஞ்சமில்லை. ஒருவர் ஒட்ட வெட்டிவிடச் சொல்வார். இன்னொருவர் கைவைக்காமல் பசளை போடச் சொல்வார். பிடுங்கி எறிந்துவிட்டு வேறு கன்று வை என்பார் மூன்றாமவர்.

வெட்டச் சொல்பவர் முருங்கையை மனதில் வைத்துச் சொல்கிறார். முருங்கையை எப்படி வெட்டினாலும் துளிர்க்கும். தேசி, தோடை எல்லாம் வருடம் முழுக்க இலையோடு நிற்கிற சாதி. சேமிப்பில் பெரும் பங்கை இலையிலும் இளங்கொப்பிலும்தான் வைத்திருக்கும். மெலிந்த கன்றில் அதை வெட்டினால் இருக்கிற கொஞ்சச் சாப்பாட்டையும் பறித்த கதைதான். அப்படியே துளிர்த்தாலும் அந்தக் கொழுந்தைத் தேடி இலையில் வெள்ளிக்கோடு போடும் புழு வரும், பறவை எச்சம் போலத் தெரியும் வண்ணத்துப்பூச்சிப் புழுவும் வரும். வெள்ளிக்கோட்டுப் புழு துளைத்த காயம் வழியே சொறிநோய் புகுந்துவிடும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிழலிழந்த பட்டை வெயிலில் வெடிப்பது தனி. ஏற்கெனவே வெட்டிவிட்டீர்களா? சரி, தண்டுக்கு நீர்த்த சுண்ணாம்பு பூசுங்கள்.

இரண்டு வெட்டுகள் மட்டும் எப்போதும் சரி. காய்ந்த கொப்பை, மழையில்லாத நாளில், துடைத்த கத்தரியால் எடுக்கலாம். ஒட்டுக்கன்றில், மேல்கன்றை அடிக்கன்றோடு இணைத்த இடமான ஒட்டுக்குக் கீழே கிளம்பும் போத்தை இளசாக இருக்கும்போதே கையால் உரித்துவிட வேண்டும். விட்டால் அதுதான் மரமாகும், மேலே உள்ளது சாகும்.

என் ஓட்டு இரண்டாமவருக்கு. ஆனால் "பசளை போடு" என்பதை அப்படியே கேட்க முடியாது, மட்டக்களப்பு வாவிக்கு எந்தக் கரையில் இருக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கமுள்ள எழுவான்கரையின் கடற்கரை மணலில் தண்ணீரும் பசளையும் நிற்காது. ஒரேயடியாகக் கொட்டும் யூரியா ஒரு மழையில் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். மக்கிய மாட்டெரு போட்டு, தென்னம் பொச்சால் மூடாக்கு வையுங்கள், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. தண்டோடு ஒட்டி வைத்தால் அடிப்பட்டை அழுகும்.

மஞ்சளையும் பார்த்துப் படிக்க வேண்டும். முதிர்ந்த இலை முழுதாக வெளுத்தால் நைதரசன் குறைவு. கொழுந்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு அல்லது துத்தநாகம் ஏறவில்லை. சிப்பி கலந்த மணலில் இது சகஜம், யூரியாவால் தீராது. இலை நுனி கருகினால் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். வாவியோரக் கிணறுகள் கோடையில் உவர்க்கும், தேசிக்கு உப்பு ஆகாது, பசளையும் உப்புதான்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கதை வேறு. வயலோரக் களியில் மாரித் தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சடைத்து அழுகும். அப்போதும் இலை மஞ்சளாகித் தொங்கும். அதைத் தாகமென்று நினைத்து மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள்! அடித்தண்டில் பிசின் வடிகிறதா, ஒட்டு மண்ணுக்குள் புதைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எந்தக் கரையானாலும், தேறும்வரை பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிட வேண்டும். இதற்குத்தான் யாருக்கும் மனம் வராது.

பிடுங்குவதற்கு முன் தண்டை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிருண்டு. ஒட்டுக்கு மேலே முழுதும் காய்ந்து, கீழே மட்டும் துளிர்த்தால் பிடுங்கலாம், வளர்வது நீங்கள் வாங்கிய மரமல்ல. விதைக்கன்றில் இந்தக் கவலை கிடையாது, அடியிலிருந்து துளிர்த்தாலும் அதே தேசிதான், காய்க்கத்தான் வருடம் கூட எடுக்கும்.

களிமண் வளவுக்காரர் பிடுங்கி அதே குழியில் புதுக்கன்று வைத்தால் அடுத்த மாரியில் அதுவும் போகும். உயிருள்ள கன்றென்றால் மாரி வெள்ளம் வடிந்தபின் மண்ணோடு தோண்டி எடுத்து, ஓர் அடி மேடு போட்டு அதன்மேல் நட்டு, சில வாரம் நிழல் கட்டிக் கொடுங்கள். அந்தச் சமயத்திலும் கத்தரியைத் தொட வேண்டாம், அறுந்த வேருக்கு ஈடாக ஓரிரண்டு கொப்பைத் தவிர.