டர்ஃப்ல ஆடுறவங்க கவனத்துக்கு: ‘ஃபுட்சால் கோர் பேக்கேஜ்’னு கேட்டா காசு குடுத்துடாதீங்க

சென்னைல வீக்கெண்ட் டர்ஃப் புக் பண்ணி ஃபைவ்ஸ் ஆடுற மக்களே, ஃபுட்சால் (சின்ன கோர்ட்ல பக்கத்துக்கு அஞ்சு பேரா ஆடுற ஃபுட்பால்) ப்ளேயர்ஸுக்குன்னே ஹிப் அண்ட் கோர் (இடுப்பு, வயித்துப் பகுதி மசில்) ப்ரோக்ராம்னு ஒரு கோச் வித்துட்டு இருக்காரு, பேரு வேணாம். 6,500 ரூபா, மொத்தமும் அட்வான்ஸா ஜிபேல. வாராவாரம் நேர்ல பாத்து கரெக்ட் பண்ணுவேன்னு பேச்சு.

நானும் கட்டுனேன். காசு போனதும் வந்தது ஒரு பிடிஎஃப். தொறந்தா க்ரஞ்சஸ், சிட்அப், லெக் ரைஸ், ரஷ்யன் ட்விஸ்ட், அவ்ளோதான். சிக்ஸ் பேக் வேணும்ங்கிறவனுக்கு ஓகே. ஃபுட்சால் கோர்ட்டே 40க்கு 20 மீட்டர், நம்ம டர்ஃப் பாதி அத விட சின்னது, நேரா ஓட எடம் ஏது, சடார் சடார்னு கட் பண்ணி திரும்பணும், பக்கவாட்டுல கால நீட்டி பால தடுக்கணும், உள்பாதத்தால பாஸ் போட்டுட்டே இருக்கணும், லோடு பூரா உள்தொடைக்கும் இடுப்பு பக்கவாட்டு மசிலுக்கும் தான். அதுக்குன்னு அந்த பிடிஎஃப்ல ஒண்ணு கூட கெடையாது, ஹிப்ங்கிறது அட்டைல மட்டும் இருக்கு.

ஆடும்போது எனக்கு கவட்டைல சுரீர்னு இழுக்க ஆரம்பிச்சுது. கேட்டா “மசில் ஓப்பன் ஆகுது ப்ரோ, நிறுத்தாதீங்க”ன்னு வாய்ஸ் நோட். நேர்ல வந்தது ஒரே தடவ, அதுவும் பக்கத்து கோர்ட்ல வேற பேட்ச் எடுத்துக்கிட்டே.

தும்முனா கூட வலிக்குதுன்னு ஆனப்புறம் பிசியோகிட்ட போனேன். ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல முஷ்டிய வச்சு அழுத்த சொன்னாங்க, வலிச்சுது, இன்னும் ரெண்டு மூணு எடத்துல தொட்டு பாத்துட்டு அடக்டர் ஸ்ட்ரெயின், அதாவது உள்தொடை மசில் இழுத்துக்கிச்சுன்னு சொல்லிட்டாங்க. 6,500 வாங்குன மனுஷன் இத கூட பாக்கல.

அவங்க சொன்னது என்னன்னா, மொதல்ல முழங்காலுக்கு நடுவுல பால் வச்சு மெதுவா அழுத்துறது, வலி அடங்க அடங்க கால்ல ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுவை ரப்பர் பட்டை) மாட்டி பக்கவாட்டு நடை, ஒத்தக்கால் பிரிட்ஜ், சைட் ப்ளாங்க், அப்புறம் தான் கோபன்ஹேகன்னு ஒரு உள்தொடை எக்சர்சைஸ். பக்கவாட்டுல படுத்து மேல் கால பெஞ்சுல வச்சு (ஆள் இருந்தா பிடிச்சுக்கலாம்) இடுப்ப தூக்கி கீழ் கால மேல கொண்டுவரணும். ஆரம்பத்துல முழங்கால் தான் பெஞ்சுல இருக்கணும், எடுத்தவுடனே பாதத்த வச்சா செத்தோம். நார்வேல செமி ப்ரோ டீம்கள வச்சு பண்ணி 2019ல வந்த ஆய்வுல இந்த ஒண்ணுனாலயே கவட்டை பிரச்சன வர்ற ரிஸ்க் 41 சதவீதம் கம்மியாச்சு. ஃபிஃபா 11 ப்ளஸ் வார்ம்அப்ல ப்ளாங்க், சைட் ப்ளாங்க், நார்டிக் (பின்தொடைக்கான எக்சர்சைஸ்) எல்லாம் இருக்கு, 20 நிமிஷ வேல, பைசா செலவில்ல.

ரிஃபண்ட் கேட்டதுக்கு “டிஜிட்டல் ப்ராடக்ட், ரிட்டர்ன் கெடையாது”ன்னுட்டு ப்ளாக் பண்ணிட்டாரு. ஸ்க்ரீன்ஷாட், வாய்ஸ் நோட் எல்லாம் சேத்து வச்சு 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளைன்ட் குடுத்துருக்கேன். இதே ஆள்கிட்ட கட்டுனவங்க யாராச்சும் இருந்தா சாட்ட அழிச்சுடாதீங்க, நீங்களும் போடுங்க.