நீலப் பூவும் நான்கு இழையும்: விஷ்ணுகிரந்தியா, நர்சரிச் செடியா?

"விஷ்ணுகிரந்திதாண்ணே. பூவைப் பாருங்க, நீலமா இல்லையா?" நர்சரித் தம்பி அடித்துச் சொன்னதை நம்பி இரண்டு தொட்டி வாங்கி வந்தேன். மொட்டை மாடியில் வைத்த மறுநாள் காலை அம்மா குனிந்து பார்த்தார். "இது எங்க ஊர்ச் செடி இல்லப்பா. அதுக்குப் பூ சட்டைப் பித்தான் அளவுதான் இருக்கும். இது என்ன, ஒரு ரூபாய்க் காசு மாதிரி விரிஞ்சு கிடக்கு" என்றார்.

அம்மா சொன்னது சரி. அதே நேரம் நர்சரித் தம்பி சொன்னதும் முழுப் பொய் இல்லை. இரண்டும் எவால்வுலஸ் என்ற ஒரே பேரினம். நம்மூர் விஷ்ணுகிரந்தி எவால்வுலஸ் அல்சினாய்டஸ். நர்சரியில் 'ப்ளூ டேஸ்' என்று விற்பது பிரேசில் பக்கத்து எவால்வுலஸ் குளோமெராட்டஸ். இதே செடியை நட்டாலியானஸ் என்று சீட்டு ஒட்டியும் விற்கிறார்கள். உண்மையான நட்டாலியானஸ் வட அமெரிக்கப் புல்வெளியில் வளரும் வேறொரு எவால்வுலஸ் இனம். சீட்டைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

முதலில் குடும்பத்தைப் பார்த்துவிடலாம். சர்க்கரைவள்ளி, வள்ளைக்கீரை, வேலியில் ஏறும் தாளி, முசுட்டை எல்லாம் ஒரே குடும்பம். கிடைத்த கம்பைச் சுற்றிக்கொண்டு ஏறுவது அந்தக் குடும்பத்தில் பலருக்குப் பழக்கம். லத்தீனில் 'கன்வால்வோ' என்றால் சேர்த்துச் சுருட்டுவது, 'எவால்வோ' என்றால் சுருளைப் பிரிப்பது. செடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டிய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753-இல் விஷ்ணுகிரந்தியைக் கன்வால்வுலஸ் என்ற சுற்றுகிற கூட்டத்தில்தான் சேர்த்திருந்தார். 1762-இல் அதைப் பிரித்தெடுத்து, சுற்றாதது என்று பொருள்படும் எவால்வுலஸில் வைத்தார். பக்கத்தில் குச்சி ஊன்றிக் கொடுத்தாலும் இந்தச் செடிகள் சீண்டாது.

ஆனால் 'சுற்றவில்லை, அதனால் இது எவால்வுலஸ்' என்று முடிவு கட்டினால் அங்கேயே வழுக்கிவிடுவோம். கடற்கரை மணலில் படரும் அடப்பங்கொடி சுற்றாது. குளத்தங்கரையை அடைத்துக்கொண்டு நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு கொடியே இல்லை, புதர். இரண்டும் அதே குடும்பத்தின் ஐப்போமியா என்ற வேறு பேரினம்.

நம்பகமான அடையாளம் பூவுக்குள் இருக்கிறது. காலை ஏழு, எட்டு மணிக்கு ஒரு பூவைப் பறித்து அதன் அல்லியை, அதாவது நிறமுள்ள இதழ்ப்பகுதியை, நீளவாக்கில் கிழியுங்கள். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் போதும், கண் நன்றாக இருந்தால் அதுகூட வேண்டாம். மகரந்தத்தாள்கள் ஐந்தையும் ஒதுக்கினால் நடுவில் சூலகம். அதன் உச்சியிலிருந்து இரண்டு சூல்தண்டுகள் கிளம்பும். ஒவ்வொன்றும் மேலே போய் மறுபடி இரண்டாகப் பிரியும். கடைசியில் நான்கு மெல்லிய இழைகள், நான்கும் சூல்முடி, அதாவது மகரந்தம் வந்து ஒட்டும் முனை. ஐப்போமியாவில் ஒரே தண்டு, அதன் தலையில் குண்டூசிக் கொண்டை மாதிரி உருண்டை. கன்வால்வுலஸில் ஒரே தண்டு, நுனியில் மட்டும் இரண்டு சூல்முடி. நிறத்தையும் இலையையும் வைத்து மணிக்கணக்கில் வாதாடுவதை இந்த ஒரு கிழிப்பு தீர்த்துவிடும்.

சரி, மூன்று செடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். மூன்றாவது ஆள் எவால்வுலஸ் நும்முலாரியஸ். லத்தீனில் நும்முஸ் என்றால் காசு. இலை வட்டமாகக் காசு போல இருப்பதால் காசிலைச் செடி என்று நானாகச் சொல்லிக்கொள்கிறேன்.

விஷ்ணுகிரந்திக்கு வேர்த்தலை கொஞ்சம் மரம் போலக் கெட்டியாக இருக்கும். அங்கிருந்து கம்பி மாதிரி மெல்லிய கிளைகள் நாலாபக்கமும் தரையை ஒட்டியும் சற்றே தூக்கியும் ஓடும். கணுவில் வேர் விடாது. ஒன்று, இரண்டு செ.மீ. நீள இலை, அதன் மேல் படிந்த பட்டு மயிர். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் இலை வெள்ளி போல மினுங்கும். பூக்காம்பைத்தான் நான் முதலில் தேடுவேன். நூல் போல மெலிந்து, பெரும்பாலும் இலையைவிட நீளமாக நிற்கும். அதன் நுனியில் ஒரு செ.மீ.க்கு உட்பட்ட வெளிர்நீலப் பூ. வெள்ளைப் பூவும் அபூர்வமாக உண்டு. காய் பிடித்ததும் காம்பு கீழே வளைந்துகொள்ளும். 1934-இல் இந்தப் பேரினம் முழுவதையும் ஆராய்ந்து எழுதிய டச்சுக்காரர் வான் ஊஸ்ட்ஸ்ட்ரோம், இந்த ஓர் இனத்துக்குள்ளேயே பல வகைகளைப் பிரித்துக் காட்டினார். அதனால் உங்கள் ஊர்ச் செடியின் இலை என் ஊர்ச் செடியைவிட அகலமாக இருந்தால் பதற வேண்டாம்.

ப்ளூ டேஸுக்கு எல்லாமே ஒரு சுற்றுப் பெரிது. தண்டு தடிமன், இலை சாம்பல் பூத்த பச்சை. பூ ஏறக்குறைய இரண்டு செ.மீ. அகலம், அடர்நீலம், நடுவில் வெள்ளை. நீளக் காம்பு கிடையாது. கிளை நுனியை ஒட்டி இலைகளுக்கு இடையிலேயே நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். குளோமெராட்டஸ் என்ற பெயரே கொத்தாய்த் திரண்டது என்ற பொருளில் வந்ததுதான்.

காசிலை நேர் எதிர். தரையோடு தரையாக ஊர்ந்து கணுவுக்குக் கணு வேர் ஊன்றும். பூ பெரும்பாலும் வெள்ளை, மிகச் சிறியது, காம்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். இதுவும் அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்து இங்கே புல்தரைகளில் நிலைத்துவிட்டது. எலிச்செவி என்று சிலர் பறித்துவிடுகிறார்கள். எலிச்செவியும் கணுவில் வேர்விட்டு ஊரும் உறவுக்காரச் செடிதான். ஆனால் அதன் பூ மஞ்சள், இலை சிறுநீரக வடிவம்.

இந்தப் பேரினத்தில் ஏறக்குறைய நூறு இனங்கள். கிட்டத்தட்ட எல்லாமே அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. விஷ்ணுகிரந்திதான் வெப்பமண்டலம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது.

வளர்ப்பில் எது லேசு? தொட்டிக்கு ப்ளூ டேஸ்தான், கேள்வியே இல்லை. முழு வெயில், தண்ணீர் தேங்காத மண், அவ்வளவு போதும். கிளையை வெட்டி நட்டால் வேர் பிடிக்கும். அடிமண் ஈரமாகவே இருந்தால் அழுகிவிடும், என் இரண்டில் ஒன்று அப்படித்தான் போனது. ஒரு குறை: பூ காலையில்தான். வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர் மூடிய பூவைத்தான் பார்ப்பார். விஷ்ணுகிரந்தியும் அப்படியே. மழை மூட்டமான நாளில் இரண்டும் சோம்பல் முறிக்காமல் கிடக்கும்.

விஷ்ணுகிரந்தியைப் பிடுங்கி வந்து நடுவது என் கையில் ஒருமுறைகூடப் பிழைத்ததில்லை. வேர் அறுந்தால் முடிந்தது கதை. விதைதான் வழி. சிறு உருண்டைக் காய், உள்ளே அதிகம் போனால் நான்கு விதை. காய் வெடிக்கும் முன் காகிதத்தில் உதிர்த்து, செம்மண்ணும் மணலும் கலந்து தூவினேன். தொழுஉரம் போட்ட தொட்டியில் இலைதான் வந்தது. வறண்ட தொட்டியில் பூத்தது.

மருந்துப் பேச்சுக்கு வந்தால்தான் சிக்கல் முற்றுகிறது. சித்த மருத்துவத்தில் சுரத்துக்குச் சேர்ப்பதும், தசபுஷ்பம் என்று கேரளத்தில் சொல்லும் பத்து மூலிகைகளில் ஒன்றாக வருவதும் அல்சினாய்டஸ். ப்ளூ டேஸை அதன் இடத்தில் வைக்க எந்த ஆதாரமும் இல்லை. நீலம் ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றாகிவிடாது, நர்சரிப் பூச்சிமருந்து வேறு இருக்கிறது. சங்கபுஷ்பி என்ற பெயரோ இன்னும் பெரிய குழப்பம். மருந்துச் சரக்குகளுக்கான அதிகாரபூர்வத் தரநூலான இந்திய ஆயுர்வேத பார்மகோப்பியா அந்தப் பெயரில் சொல்வது கன்வால்வுலஸ் புளூரிகாலிஸ் என்ற வடநாட்டுச் செடியை. அதுவும் படர்ந்து கிடக்கும், மயிர் அடர்ந்திருக்கும், பூ வெள்ளை அல்லது வெளிர் ரோஜா. விஷ்ணுகிரந்தியையும் அதே பெயரில் விற்கிறார்கள். கேரளத்தில் காக்கணம் கொடியைச் சங்குபுஷ்பம் என்பார்கள், அது அவரைக் குடும்பம். அதற்கே விஷ்ணுக்ராந்தா என்ற வடமொழிப் பெயரும் உண்டு. காய்ந்த சருகாகப் பொட்டலத்தில் வாங்கினால் சூல்தண்டை எங்கே எண்ணுவது? பூவோடு செடியாகப் பார்த்து, தெரிந்த சித்த மருத்துவரிடம் காட்டாமல் கஷாயத்தில் போட வேண்டாம்.

ஆக, மாடிக்கு அழகு வேண்டுமென்றால் ப்ளூ டேஸ் வாங்குங்கள், அதை விஷ்ணுகிரந்தி என்று சொல்லிக்கொள்ளாமல். சொந்த நிலத்தில் வறண்ட ஓரம் இருந்தால் விஷ்ணுகிரந்தி விதை தூவுங்கள். காசிலையை நானாக யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மிதிபடும் தரையை மூட அது உதவும்தான், ஆனால் ஒரு கணு மிஞ்சினால் மறுபடி எழும்.

எனக்கு அந்தத் தேர்வே கிடைக்கவில்லை. போன ஐப்பசி மழைக்குப் பிறகு அழுகிப்போன ப்ளூ டேஸ் தொட்டியில் வட்ட இலை ஒன்று தலை நீட்டியது. நர்சரி மண்ணோடு வந்திருக்க வேண்டும். கார்த்திகையில் தொட்டி விளிம்பைத் தாண்டித் தொங்கியது, அரிசிப் பொரி போல வெள்ளைப் பூக்கள். ஒன்றைக் கிழித்து லென்ஸில் வைத்தேன். அம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து எண்ணினார்: "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."