தள்ளுபடி ஒயினா? முதலில் வருடத்தைப் பாருங்கள்

புனேயில் ஆயிரம் ரூபாய்க்குள் ஒயின் தேடிப் பிடித்துச் சுவைத்துப் பார்க்கிற நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று கடையில் அட்டை தொங்கினால், விலையைப் பார்க்கும் முன் பாட்டிலில் எந்த வருடம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அது திராட்சையைப் பறித்த வருடம்.

போன மே மாதம் அப்படி ஒரு கடையில் நாசிக் செனின் பிளாங்க் வாங்கினேன். செனின் பிளாங்க் என்பது ஒரு வெள்ளைத் திராட்சை வகை, அதில் செய்யும் ஒயினுக்கும் அதே பெயர். 2019 அறுவடை. "இவ்வளவு பழைய வெள்ளை ஒயினா?" என்று கேட்டதற்கு, "செனின் பழசாகப் பழசாகத்தான் ருசி. பிரான்ஸில் ஐம்பது வருடம் வைத்துக் குடிக்கிறார்கள். இது முழுக்க ஏசி அறையில் இருந்த சரக்கு" என்றார் கடைக்காரர்.

இதில் பாதி உண்மை. அதனால்தான் இந்தப் பேச்சு எடுபடுகிறது. பிரான்ஸின் லுவார் பள்ளத்தாக்கில் உள்ள வூவ்ரே பகுதியில் விளையும் நல்ல செனின் பல பத்தாண்டுகள் தாங்கும். அதற்கு அதன் கடும் புளிப்பும், இனிப்பு வகையில் சர்க்கரையும், சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த குளிர்ந்த நிலவறைகளும் காரணம். நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை பறித்து, சீக்கிரம் குடிப்பதற்கென்றே செய்யும் குறைந்த விலை வெள்ளை ஒயின் வேறு ரகம். ஓரிரண்டு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும்.

நாங்கள் நாலைந்து பேர் கூடிச் சுவைக்கும்போது பாட்டிலைத் துணிப்பையில் மறைத்துத்தான் ஊற்றுவோம். அன்றைக்கு அதே ஒயினின் புதிய வருடத்தை வேறு கடையில் வாங்கிப் பக்கத்தில் வைத்தோம். புதியது வெளிர் வைக்கோல் நிறம், கொய்யாவும் பச்சை ஆப்பிளும் மணக்க, நாக்கில் சுறுசுறுப்பான புளிப்பு. மற்றது வெள்ளைத் தாளின் மேல் பிடித்தால் டீத்தண்ணீர் மாதிரி பழுப்பு. அடிபட்டுக் கறுத்த ஆப்பிளின் வாடை, வேகவைத்த பழத்தின் சோர்ந்த இனிப்பு, முடிவில் கசப்பு. பையைக் கழற்றும் முன்பே எல்லோரும் ஒரே கிளாஸைத் தள்ளி வைத்தார்கள். காற்றும் வெயிலும் சேர்ந்து கெடுத்த ஒயின் அது. தயாரித்தவர்கள் மேல் குறையில்லை என்பதற்குப் பக்கத்து கிளாஸே சாட்சி.

மறுநாள் பில்லோடு போனேன். "அந்தத் தேன் வாசனைதான் முதிர்ச்சி. திறந்த பாட்டிலை மாற்ற முடியாது" என்றார்கள். திறக்காமல் எப்படிச் சுவைப்பது? பேசிக்கொண்டிருக்கும்போதே பையன் ஒருவன் தகரக் கூரைக்கு அடியில் இருந்த பரணிலிருந்து அதே ஒயின் பெட்டியை இறக்கினான். ஏசி அறை அதுதான். புனேயில் ஏப்ரல், மே மாதங்களில் வெளியிலேயே 38 டிகிரி தாண்டும். அந்தப் பரணில் என்ன சூடு இருந்திருக்கும்!

எனக்குப் பணம் போனதைவிட வருத்தம் வேறு. முதல்முறை ஒயின் வாங்குகிறவர் இதைக் குடித்தால், ஒயின் என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது என்று அத்தோடு விட்டுவிடுவார். கெட்டது என்று அவருக்கு யார் சொல்வது?

வாங்கும்போது பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பாருங்கள். மூடியைச் சுற்றிப் பிசுபிசுப்பு இருந்தாலோ, தக்கை மேலே தள்ளிக்கொண்டு நின்றாலோ சூடு பட்டிருக்க வாய்ப்பு அதிகம். வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் நிற்கிற பாட்டில் வேண்டாம். பின் லேபிளில் அடைத்த மாதம் இருந்தால் அதையும் படியுங்கள். சிவப்பு ஒயின் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் சூட்டுக்கு அதுவும் தப்பாது. அப்புறம், ஒரு பாட்டில் மட்டும் வாங்கித் திறந்து பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள்.

பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் பில், லேபிள், இரண்டு கிளாஸ்களையும் பக்கத்தில் வைத்து எடுத்த படம் எல்லாம் சேர்த்துப் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. கடையில் அந்த அட்டை இன்னும் தொங்குகிறது.