பகல் நடைக்கு எந்தப் பைனாகுலர்: 8×42 அல்லது 10×42?

காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் இயற்கை நடைக்கு எடுத்துச் செல்லும் பொருட்களில் பணமும் யோசனையும் அதிகம் கேட்பது பைனாகுலர்தான். உருப்பெருக்கம் கூடினால் பறவை நன்றாகத் தெரியும் என்று நம்பிப் பலர் 10×42 வாங்குகிறார்கள். வால்பாறை, டாப்சிலிப் போன்ற காட்டுப் பகுதிகளில் நடப்பவர்களுக்கு 8×42 தான் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது, முன்வில்லையின் விட்டம். இரண்டாவதை முதலால் வகுத்தால் கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்: 8×42இல் 5.25 மி.மீ., 10×42இல் 4.2 மி.மீ. உச்சிவெயிலில் கண்மணி சுருங்கிவிடுவதால் இந்த வேறுபாடு தெரியாது. ஆனால் சோலைக்காட்டின் நிழலில், விடிந்தும் விடியாத வேளையில், ஈப்பிடிப்பானின் மார்பு நிறம் தெரிவதும் வெறும் நிழலுருவாக நின்றுபோவதும் இதைப் பொறுத்தே அமையும்.

பார்வைப் பரப்பு இன்னும் முக்கியம். மின்சிட்டு, வெள்ளைக்கண்ணி எனப் பல இனங்கள் ஒன்றுகூடி இரைதேடி வரும்போது, எதுவும் ஒரு கிளையில் நிலைத்திருப்பதில்லை. 1000 மீட்டர் தொலைவில் 8 மடங்குக் கருவிகள் பொதுவாக 130 மீட்டருக்கு மேல் அகலம் காட்ட, 10 மடங்குக் கருவிகள் பலவும் 110 மீட்டரை ஒட்டியே நிற்கின்றன. ஏற்றம் ஏறி மூச்சுவாங்கும் கைகளின் நடுக்கத்தையும் அவை அதே விகிதத்தில் பெருக்கிக் காட்டுகின்றன.

கோடியக்கரையின் உப்பளங்களிலோ பழவேற்காட்டிலோ நிலைமை வேறு. வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லாத அந்த வெட்டவெளியில், தொலைவில் மேயும் கொசு உள்ளான் என்னும் சிறு கரைப்பறவையின் கால் கறுப்பா மஞ்சளா என்று பார்க்க 10×42 நிச்சயம் கைகொடுக்கும்.

எடை சுமக்க முடியாத முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் 8×32 நல்லது, 42 மி.மீ. கருவி 700 கிராமை ஒட்டியிருக்க, இது ஏறத்தாழ 500 கிராம்தான்.

எதை வாங்கினாலும் இரண்டு மீட்டர் தொலைவிலுள்ள வண்ணத்துப்பூச்சி தெளிவாகத் தெரிகிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றாமலே பார்த்து, வட்டம் முழுதும் தெரிகிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். கூடவே வரும் மெல்லிய கழுத்துப்பட்டைக்குப் பதிலாக, இரு தோள்களிலும் எடையைப் பகிரும் பட்டையை வாங்கிவிடுங்கள்.