ஒரே வீட்டில் இரண்டு மாத்திரை டப்பா: அசிட்ரோமா, அபிக்சபானா?

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இரண்டு டப்பாக்கள் இருக்கும். ஒன்றில் பெரியப்பாவின் அசிட்ரோம், மற்றதில் அம்மாவின் அபிக்சபான். இரண்டுமே ரத்தம் கட்டாமல் இருப்பதற்குத்தான். ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தி அலுத்துப்போன பெரியப்பா அடிக்கடி சொல்வார்: "உங்கம்மா போடுற மாத்திரையவே எனக்கும் வாங்கிக் குடேன்டா."

அது நடக்காது. அவர் நெஞ்சில் இருப்பது மெட்டல் வால்வு. அப்படிப்பட்டவர்களுக்கு, அம்மாவின் மாத்திரையைப் போலவே புதிய வகையான டபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2012இல் பாதியில் நிறுத்தினார்கள். ரத்தக்கட்டும் கூடியது, ரத்தக்கசிவும் கூடியது. அபிக்சபான் வைத்துப் பார்த்த ஆய்வும் 2022இல் நின்றுபோனது. ஆக, மெட்டல் வால்வுக்கு அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற பழைய மாத்திரைதான். மூட்டுவாதக் காய்ச்சலால் இதயத்தின் இடது பக்க மைட்ரல் வால்வு நன்றாகச் சுருங்கி, நாடியும் தாளம் தப்பியவர்களுக்கும் பழசே மேல்.

அம்மாவுக்கு வால்வு நன்றாக இருக்கிறது, நாடித் துடிப்பு மட்டும் தாளம் தப்புகிறது. இவருக்குப் புதியதே என் ஓட்டு. பக்கவாதத்தைத் தடுப்பதில் பழசுக்குக் குறைந்ததில்லை, மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்தும் குறைவு. விலை கூடத்தான். ஆனால் பழசுக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் டெஸ்ட்) பார்க்க ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறும் செலவையும், அதற்காகத் தொழிலுக்குப் போகாமல் விடும் நாளையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. (இதற்கு எக்கோஸ்பிரின் என்ற ஆஸ்பிரின் மாத்திரை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது.)

பழைய மாத்திரையின் தொல்லை அதன் அளவில்தான். பொதுவாக ஐ.என்.ஆர். 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். மைட்ரலில் மெட்டல் வால்வு என்றால் 2.5 முதல் 3.5 வரை. பெரியப்பாவின் காலண்டரில் திங்கள், புதன், வெள்ளிக்கு "2 மி.கி.", மற்ற நாளுக்கு "3 மி.கி." என்று மாத்திரை அளவு பென்சிலில் எழுதியிருக்கும். மீன் குழம்பு எவ்வளவு சாப்பிட்டாலும் பயமில்லை. இந்த மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும் வைட்டமின் கே முருங்கைக்கீரையில்தான் அதிகம். அதை விடவும் வேண்டாம், ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று ஆக்கவும் வேண்டாம்.

கீரையைவிட எங்களைப் படுத்தியது ஒரு வயிற்றுப்போக்கு மாத்திரை. கடையில் கேட்டு வாங்கிய மெட்ரோனிடசோல். நாலாம் நாள் பல் தேய்த்த பிரஷ்ஷில் ரத்தம். ஐ.என்.ஆர். 6ஐத் தாண்டியிருந்தது. கடைக்காரர் அசிட்ரோம் பற்றிக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

புதியதில் இந்த ஏற்ற இறக்கம் குறைவு. ஆனால் அது மறதியை மன்னிக்காது. வார்ஃபரின் ஒரு வேளை தவறினால் பழைய வேளைகளின் வேகம் கொஞ்சம் தாங்கும்; அபிக்சபானுக்கு அந்த மிச்சம் கிடையாது. அம்மா ஓரியூர் கோயிலுக்குப் போனபோது ஸ்ட்ரிப்பை வீட்டிலேயே விட்டுவிட்டார். இரவு வேளையும் போச்சு, காலை வேளையும் போச்சு. கிட்டத்தட்ட ஒரு நாள் பாதுகாப்பே இல்லை. "சேத்து ரெண்டாப் போட்டுக்கவா?" என்றார். கூடாது, நினைவு வந்ததும் ஒன்று, பிறகு வழக்கப்படி. வருஷத்துக்கு ஒரு தடவையாவது கிட்னி டெஸ்ட்டும் பார்க்க வேண்டும். கிட்னி மந்தமானால் மருந்து உடம்பில் தங்கிவிடும்.

கீழக்கரை நண்பரின் வாப்பாவுக்கு இன்னொரு புதிய மாத்திரையான ரிவரோக்சபான், தினம் ஒரு வேளை. 20 மில்லிகிராம் மாத்திரை சாப்பாட்டோடு போனால்தான் உடம்பில் சரியாகச் சேரும். அதனால் நோன்பு மாசத்திலும் இரவுச் சாப்பாட்டோடு போடுகிறார். டபிகாட்ரான் என்றால் நம் உப்புக்காற்றில் ஒரு ஜாக்கிரதை: ஈரம் ஆகாது, ஸ்ட்ரிப்பிலிருந்து உரித்து டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது.

வலை இழுத்து இடுப்பு பிடித்துக்கொண்டால் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி, மாத்திரை இரு தரப்புக்குமே ஆகாது. உள்ளே ரத்தம் கசிந்து மலம் தார் மாதிரி கறுத்தால், டாக்டரிடம் போகாமல் காத்திருக்கக் கூடாது.

போன மாசம் பெரியப்பா வள்ளத்தில் வழுக்கித் தலையை இடித்துக்கொண்டார். "வீங்கக்கூட இல்லடா, விடு" என்றார். இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை. அங்கே டாக்டர் முதலில் கேட்டது வலியைப் பற்றி அல்ல: "எந்த மாத்திரை? கடைசியா எத்தனை மணிக்குப் போட்டீங்க?" பெரியப்பா என் முகத்தைப் பார்த்தார். இப்போது காலண்டரில் மி.கி. பக்கத்தில் மணியும் எழுதுகிறோம், அம்மாவுக்கும் சேர்த்து.